கல்லாவில் உட்கார்ந்தவர் உடம்புக்கும் ஒரு கணக்கு



காலை 6 மணிக்கு ஷட்டரைத் தூக்கி, இரவு 10 மணிக்கு இறக்கிப் பூட்டும் நம்மிடம் யாராவது "உடற்பயிற்சி செய்கிறீர்களா?" என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். "நாள் முழுவதும் உழைப்புதானே, இதற்கு மேல் என்ன பயிற்சி?" என்போம். இந்தக் கட்டுரையை எழுதும் நானும் இரண்டு வருடம் முன்பு வரை அப்படிச் சொன்னவன்தான்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்களுடையது அப்பா காலத்து மளிகைக் கடை. 1988-இல் நான் கடைக்கு வந்தபோது எனக்கு வயது 18. சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் என்று வீடு வீடாகப் போய்ச் சீட்டு வாங்கி வந்து, சாமான் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டு போய்க் கொடுப்பது என் வேலை. அன்று என் எடை 58 கிலோ. பிறகு மொபெட் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு உதவியாட்கள், ஒரு லோடு ஆட்டோ. கடை வளர வளர நான் கல்லாவுக்குப் போனேன். ஒருநாள் இலவச முகாமில் நிறுத்துப் பார்த்தபோது முள் 80 கிலோவில் நின்றது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.2. "இன்னும் சர்க்கரை நோய் வரவில்லை, ஆனால் வாசற்படியில் நிற்கிறீர்கள்" என்றார் டாக்டர்.

சரக்கு தீர்ந்தால் வாங்கலாம், பாக்கி நின்றால் பேசி வசூலிக்கலாம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் விழுந்தால் பெரும்பாலான சின்னக் கடைகளுக்கு மாற்று ஆள் கிடையாது. ஆகவே இது அழகுக்கான பேச்சு அல்ல, முதலைக் காப்பாற்றும் பேச்சு.

பசியும் ஒரு தராசுதான்

நம் தொழிலை நேரடியாகத் தொட்ட ஒரு பழைய ஆராய்ச்சி உண்டு. ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் அவருடைய இந்தியத் துணைவர்களும் மேற்கு வங்கத்தில் ஒரு சணல் ஆலையைச் சேர்ந்த 213 ஆண்களை ஆராய்ந்து 1956-இல் முடிவை வெளியிட்டார்கள். மூட்டை தூக்குவோர், நெசவாளர், மெக்கானிக், குமாஸ்தா ஆகியோருடன், ஆலைப் பகுதியில் கடை போட்டிருந்த வியாபாரிகளையும் கணக்கில் சேர்த்தார்கள். விடியற்காலை முதல் இரவு வரை கடையில் உட்கார்ந்தே இருந்தவர்கள் அவர்கள்.

கடின வேலை செய்தவர் அதிகம் உண்டார். ஆனால் மெலிந்தே இருந்தார். இலேசான வேலை செய்தவர் குறைவாக உண்டார். அவரும் மெலிந்தே இருந்தார். இதுவரை யாரும் எதிர்பார்ப்பதுதான். உட்கார்ந்திருந்த கடைக்காரர் மட்டும் கணக்கில் அடங்கவில்லை. அவர் சாப்பிட்ட அளவு மூட்டை தூக்கியவரின் அளவை நெருங்கியது. எடையிலும் அவர்தான் மற்ற எல்லோரையும் மிஞ்சினார்.

இதிலிருந்து மேயர் எடுத்த பாடம் நமக்கு எளிதில் விளங்கும். ஓரளவாவது உடம்பு அசைந்தால், பசி என்கிற தராசு சரியாக நிறுக்கிறது. உழைப்புக்குத் தக்கபடி கேட்கிறது. அசைவு ஒரு அளவுக்குக் கீழே போனால் தராசு பிசகிவிடுகிறது. தேவை குறைந்தாலும் பசி குறைவதில்லை. பிசகின தராசில் எவ்வளவு கவனமாக நிறுத்தாலும் நஷ்டம்தான். எனவே வாயைக் கட்டுவதற்கு முன் தராசைச் சரி செய்ய வேண்டும். அதற்கு உடம்பு அசைய வேண்டும்.

சென்னை காட்டிய வழி

"வயதாகிவிட்டது, இனி என்ன செய்து என்ன?" என்பவர்களுக்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2006-இல் வெளியிட்டது. தனி அறிவுரை ஏதும் பெறாத பிரிவினரில் மூன்றாண்டுக் கணக்கில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவைச் சீர் செய்து, தினம் அரை மணி நேரமாவது வேகமாக நடக்கும்படி சொல்லப்பட்டவர்களில் அது 39-ஆகக் குறைந்தது. ஏற்கெனவே அரை மணிக்கு மேல் நடப்பவர்களையும் சைக்கிள் ஓட்டுபவர்களையும் அதை விடாமல் தொடரச் சொன்னார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்களுடைய சராசரி எடை பெரிதாகக் குறையவில்லை என்பது. எடை இறங்கும் முன்பே உள்ளே லாபம் சேரத் தொடங்கிவிடுகிறது. ஆகவே முதல் மாதத்தில் முள் அசையவில்லை என்று பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

முதலில் இருப்பு எடுங்கள்

ஒரு அங்குல நாடாவும் கடைத் தராசும் போதும்.

இடுப்பளவு: தொப்புள் மட்டத்தில் சாதாரணமாக மூச்சு விட்டபடி அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இந்தியர்களுக்கான வரம்பு. வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்து அளப்பது எடைக்கல்லில் ஏமாற்றுவது போன்றது.

எடை: உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதனாலேயே பெருக்கி, வரும் எண்ணால் எடையை வகுக்க வேண்டும். என் உயரம் 1.65 மீட்டர். 1.65 x 1.65 = 2.72. 80-ஐ 2.72 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 29. இந்தியர்களுக்கு 23 தொட்டாலே அதிக எடை, 25 தொட்டால் உடற்பருமன்.

இவற்றுடன் சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மார்பு வலி, மூச்சிரைப்பு உள்ளவர்களும், இருதய நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென இறங்கலாம். மருந்தின் அளவைப் பற்றிக் கேட்டுக்கொண்டு, சட்டைப் பையில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்துக்கொள்வது நல்லது.

சைக்கிள்: மறந்துபோன கூட்டாளி

சைக்கிள் நமக்குப் புதிய பொருள் அல்ல. 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி அம்பத்தூரில் செய்த வண்டிகளில்தான் நம்மில் பலருடைய தொழில் ஓடியது. உடல் எடையை சீட் தாங்குவதால் கனத்த உடம்புக்காரருக்கு ஓட்டத்தைவிடச் சைக்கிளில் முழங்காலுக்குச் சுமை குறைவு. நிதானமாக அரை மணி மிதித்தால் 70 கிலோ ஆளுக்கு ஏறத்தாழ 150 முதல் 200 கலோரி செலவாகும்.

சீட்டைத் தாழ்த்தி வைத்து மிதிப்பதால்தான் பலருக்கு முழங்கால் வலிக்கிறது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்காலில் சிறு வளைவு இருக்கும். அதுவே சரியான உயரம்.

ஜி.எஸ்.டி. சாலையிலும் வேளச்சேரிச் சாலையிலும் லாரி, பஸ்களுக்கு நடுவே பயிற்சி வேண்டாம். விடியற்காலை 5 மணிக்கு உட்தெருக்களே போதும். சிட்லபாக்கம், செம்பாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு ஏரியை ஒட்டிய தெருக்கள் உண்டு. முன்னால் விளக்கும், பின்னால் சிவப்பு விளக்கும் அவசியம். மழைக்காலத்தில் முடிச்சூர் போன்ற தாழ்வான பகுதிகளில் தண்ணீர் நிற்கும் தெருவில் இறங்காதீர்கள். மூடி இல்லாத கால்வாய் கண்ணுக்குத் தெரியாது.

முதல் வாரம் தினம் 10 நிமிடம், அடுத்த வாரம் 15, பிறகு 30. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். வாரத்துக்கு 150 நிமிடமாவது சேர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நான் இன்னொன்றும் செய்தேன். இரண்டு கிலோமீட்டருக்குள் வரும் சின்ன ஆர்டர்களை லோடு ஆட்டோவில் அனுப்பாமல் நானே சைக்கிளில் கொண்டு போகிறேன். பத்து வருடமாக முகம் பார்க்காத வாடிக்கையாளர்களுடன் பேச்சு மீண்டும் தொடங்கியிருக்கிறது. போன் செய்தால் பத்து நிமிடத்தில் சாமான் வரும் இந்தக் காலத்தில், அந்த ஐந்து நிமிடப் பேச்சு நமக்கு மட்டுமே உள்ள சரக்கு.

எடைப் பயிற்சிக்குக் கடையே போதும்

நாம் சாப்பிடும் அரிசி சர்க்கரையாக இரத்தத்தில் கலந்ததும் அதைப் பெருமளவில் வாங்கி வைக்கும் கிடங்கு தசைதான். நாற்பதைத் தாண்டிய பிறகு பயிற்சி இல்லாவிட்டால் தசை வருடா வருடம் கரைகிறது. கிடங்கு சுருங்கினால் சரக்கு தெருவில் கிடக்கும். சர்க்கரை இரத்தத்திலேயே நிற்கும். வெறும் பட்டினியால் எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் போய்விடும். அதனால்தான் எடைப் பயிற்சி வேண்டும் என்கிறார்கள்.

"நாங்கள்தான் மூட்டை தூக்குகிறோமே" என்று சிலர் சொல்லலாம். அவசரத்தில் இடுப்பை முறுக்கி ஒரு தடவை தூக்குவது பயிற்சி ஆகாது. முதுகுப் பிடிப்புக்குத்தான் வழி. வாரம் இரண்டு நாள், 20 நிமிடம் கீழ்க்கண்டவற்றைச் செய்தால் போதும்.

1. ஸ்டூலில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருத்தல். பழகியபின் 5 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யலாம். நம் பெரியவர்கள் போட்ட பஸ்கியின் தம்பி இது.

2. சுவரில் கை ஊன்றித் தண்டால். பழகியபின் மேடையில், பிறகு தரையில்.

3. ஒரு கையை மேடையில் ஊன்றிக் குனிந்து, மறு கையில் 5 கிலோ பையைத் தொங்கவிட்டு இடுப்பு வரை இழுத்தல்.

4. இரு கைகளிலும் ஆளுக்கொரு 5 கிலோ பையுடன் நிமிர்ந்து கிடங்கின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடத்தல்.

முதல் மூன்றும் 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று. பன்னிரண்டும் எளிதானால் எடையைச் சிறிது கூட்ட வேண்டும். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். குடலிறக்கம் உள்ளவர்கள் டாக்டர் அனுமதியின்றி எடை தூக்கக் கூடாது.

வாய் வழியே போகும் சில்லறை

நம்மை வீழ்த்துவது பெரும்பாலும் விருந்து அல்ல, சில்லறைச் செலவு. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 10 கிராம் சர்க்கரை. நாளுக்கு 6 டீ, 60 கிராம். மாதம் 1 கிலோ 800 கிராம்! ஒரு வாடிக்கையாளர் இவ்வளவு வாங்கினால் அவர் வீட்டில் எத்தனை பேர் என்று நாம் யோசிப்போம். கலோரிக் கணக்கில் மாதம் 7,200. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி. தவிர, மூட்டையிலிருந்து அள்ளிப் போடும் கைப்பிடிக் கடலைக்கும் மிக்சருக்கும் எந்தப் பேரேட்டிலும் பற்று எழுதுவதில்லை.

நான் செய்தவை மூன்றுதான். டீயை இரண்டாகக் குறைத்துச் சர்க்கரையை நிறுத்தினேன். 11 மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவதை விட்டு, 8 மணிக்குக் கடையிலேயே சாப்பிடுகிறேன். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பயறு அல்லது முட்டை அல்லது மீன், மீதிக் கால் பங்குதான் சோறு. கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் விற்கிற நமக்குப் புரதத்துக்கு டப்பா மாவு தேவையில்லை.

வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் குறைய ஆசைப்படாதீர்கள். மொத்த எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நன்மை உண்டு. 80 கிலோவுக்கு அது 4 கிலோதான்.

என் கணக்கு

ஒரு வருடத்தில் 80 கிலோ 72 ஆயிற்று. இடுப்பு 102 செ.மீ.யிலிருந்து 94. சர்க்கரை 5.8. வரம்புக்குள் இன்னும் வரவில்லை. தீபாவளி மாதத்தில் கிலோ கணக்கில் ஏறி, தை மாதத்தில் மறுபடி இறக்கினேன். ஆனால் வாசற்படியிலிருந்து சில அடி பின்னால் வந்திருக்கிறேன். மதியம் கல்லாவில் வரும் தூக்கம் போய்விட்டது.

இந்த மாதம் செய்து பார்க்க

இடுப்பளவு, எடை, சர்க்கரை, இரத்த அழுத்தம் நான்கையும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியுடன் எழுதுங்கள். கிடங்கில் துருப்பிடிக்கும் சைக்கிளுக்குக் காற்றடித்து, சீட்டை உயர்த்துங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை கல்லாவை விட்டு எழுந்து, கேட்கும் சாமானை நீங்களே எடுத்துக் கொடுங்கள். அடுத்த மாதம் அதே தேதியில் மீண்டும் அளந்து அதற்குக் கீழே எழுதுங்கள்.

வருடா வருடம் கடைக்கு இருப்பு எடுக்கிறோம். அந்தக் கடையைத் தாங்கும் உடம்புக்கும் மாதம் ஒரு முறை எடுப்போம்.