ஸ்மார்ட் வாட்ச்: வாங்கத்தான் வேணுமா?



அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கத்துக் கடைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பெருநாள் லீவில் வரும்போது கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டி வருகிறார்கள். "அம்மாவுக்கும் ஒன்று வாங்கவா? பிரஷர், சீனி எல்லாம் காட்டுமாம்" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லுமுன் கொஞ்சம் யோசிப்போம்.

இது என்ன செய்யும்?

நேரம் காட்டும். போனோடு சேர்த்துவிட்டால் அழைப்பு வருவதைத் தெரிவிக்கும். அடியில் இருக்கும் பச்சை வெளிச்சம் தோலுக்குள் ஓடும் இரத்தத்தைப் பார்த்து நாடித் துடிப்பை எண்ணும். வார் தளர்ந்தாலும் கை ஆடினாலும் கணக்குப் பிசகும். கையசைவை வைத்துத்தான் நடையையும் எண்ணுகிறது. ஆகவே கொழுந்து பறிக்கும் கையசைவையும் அது நடை என்று எண்ணிவிடலாம்.

என்ன செய்யாது?

இதுதான் முக்கியம். ஊசி குத்தாமல் சீனி அளக்கும் என்று சொல்லும் வாட்ச், மோதிரம் எதையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. அப்படிப்பட்ட ஒன்றுக்கும் அது அனுமதி கொடுத்திருக்கவில்லை. வாட்ச் "சீனி குறைவு" என்று காட்டியதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பிரஷர் பார்க்க, கையில் பட்டி சுற்றிப் பார்ப்பதே நம்பகமானது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இரண்டையும் காசில்லாமல் பார்க்கலாம்.

கணக்குப் பார்ப்போம்

2024 செப்டெம்பரில் நிர்ணயித்த நாள் சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கில் 13,500 ரூபாய் வாட்ச் என்றால் முழுசாகப் பத்து நாள் பேர். இரண்டு, மூன்று வருடத்தில் பெட்டரி தளர்ந்துவிடும். மலிவு வாட்சுக்குப் புது பெட்டரி போடுவது பெரும்பாலும் நடக்காது.

வாங்குவதாக இருந்தால்:

1. வீட்டுப் போனோடு சேருமா என்று கடையிலேயே சேர்த்துப் பாருங்கள்.
2. மழையில் நனையலாமா, ஒரு சார்ஜில் எத்தனை நாள் ஓடும் என்று கேளுங்கள்.
3. எழுத்தில் உத்தரவாதமும் பில்லும் வாங்குங்கள்.
4. தவணைக்கும் வட்டிக்கும் வாங்காதீர்கள்.

நேரம் பார்க்கவும் ஆசைக்கும் என்றால், கையில் மிச்சக் காசு இருந்தால் வாங்கலாம், குற்றமில்லை. வருத்தத்தைப் பார்க்க என்றால் வேண்டாம். அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். திடீரென நெஞ்சு வலித்தால் வாட்சைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், 1990-க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.