தொடர்பாடற் தடைகளும் பின்னூட்டலும்: ஓடுபாதை விபத்தொன்றின் ஊடாக ஒரு விளக்கம்

க.பொ.த. (சாதாரண தரம்) – தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்

அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர், பின்னூட்டல் என்பன தொடர்பாடற் செயன்முறையின் பிரதான மூலகங்கள் என நீங்கள் கற்றுள்ளீர்கள். எனினும் "தொடர்பாடற் தடைகளைத் தகுந்த உதாரணங்களுடன் விளக்குக" என வினவப்படும்போது மாணவர் பலர் வரைவிலக்கணத்துடன் நின்றுவிடுகின்றனர். எனவே உண்மை நிகழ்வொன்றினூடாக இதனை நோக்குவோம்.

1. பின்னணி

விமானமொன்று ஓடுபாதையினுள் நுழைவதற்கும் அதிலிருந்து மேலெழுவதற்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி அவசியமாகும். இவ்வனுமதி வானொலி மூலம் வாய்மொழியாக வழங்கப்படுகின்றது. விமானிக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஆகவே சொற்களே இங்கு பாதுகாப்பு அரணாக அமைகின்றன.

2. நிகழ்வு

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குரிய கனேரித் தீவுகளுள் ஒன்றான தெனெரீபில், லொஸ் றோடியோஸ் விமான நிலையத்தில் இரு போயிங் 747 விமானங்கள் மோதின. ஒன்று நெதர்லாந்தின் கே.எல்.எம். விமானம், மற்றையது ஐக்கிய அமெரிக்காவின் பான் ஆம் விமானம். அயல் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்தமையால் இரண்டும் இங்கு திருப்பப்பட்டிருந்தன.

கடும் மூடுபனி நிலவியது. அங்கிருந்தது ஒரேயொரு ஓடுபாதை. அதன் ஒரு முனையில் கே.எல்.எம். புறப்படத் தயாராக நின்றது. அதே ஓடுபாதையில் பான் ஆம் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

மேலெழுந்த பின்னர் செல்லவேண்டிய பாதை பற்றிய அனுமதியே கே.எல்.எம். விமானத்துக்குக் கிடைத்தது. மேலெழும் அனுமதி வழங்கப்படவில்லை. ஆயினும் விமானத்தின் தலைமை விமானி புறப்பட ஆரம்பித்தார். "நாம் இப்போது டேக் ஓஃப் நிலையில்" என்ற பொருளில் துணை விமானி அறிவித்தார். விமானம் நிற்கின்றது எனக் கட்டுப்பாட்டாளர் விளங்கிக்கொண்டு "ஓகே" என்றார்; பின்னர் காத்திருக்குமாறும் கூறினார். அவ்வேளையிலேயே பான் ஆம் விமானிகளும் தாம் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாக அறிவித்தனர். இரு குரல்களும் ஒரே அலைவரிசையில் மோதியதால் கே.எல்.எம். அறையில் கீச்சொலி எழுந்தது. அதன் பின்னரும் பான் ஆம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா என அங்கிருந்த விமானப் பொறியியலாளர் வினவினார். விலகிவிட்டது எனத் தலைமை விமானி உறுதியாகக் கூறினார். மற்றவர்கள் மேலும் வற்புறுத்தவில்லை.

583 பேர் உயிரிழந்தனர். பான் ஆம் விமானத்திலிருந்த 61 பேர் மாத்திரமே உயிர் தப்பினர்.

3. இனங்காணக்கூடிய தடைகள்

• பௌதிகத் தடை – மூடுபனி. கோபுரத்திலிருந்து எந்த விமானமும் தென்படவில்லை. தரைக் கண்காணிப்பு ராடாரும் இருக்கவில்லை.
• பொறிமுறைத் தடை – ஒரே நேரத்தில் பேசியமையால் ஏற்பட்ட கீச்சொலி.
• மொழிசார் தடை – "டேக் ஓஃப்", "ஓகே" என்னும் சொற்களை இரு தரப்பினரும் வெவ்வேறாகப் பொருள்கொண்டமை.
• உளவியற் தடை – புறப்படும் அவசரமும், மூத்தவரின் முடிவை மறுப்பதில் ஏற்பட்ட தயக்கமும்.

4. விபத்தின் பின் ஏற்பட்ட மாற்றங்கள்

மேலெழும் அனுமதியை வழங்கும்போதும் இரத்துச் செய்யும்போதும் மாத்திரமே "டேக் ஓஃப்" என்ற சொல்லைப் பயன்படுத்தும் முறை வந்தது. ஏனைய வேளைகளில் "டிபாச்சர்" எனக் கூறப்படுகின்றது. ஓடுபாதை தொடர்பான கட்டளைகளை விமானி திருப்பிக் கூறவேண்டும். கட்டுப்பாட்டாளர் அதனைச் செவிமடுத்துப் பிழையிருப்பின் திருத்தவேண்டும். தலைமை விமானியிடம் தயங்காது வினவுவதற்கும் விமானக் குழுவினர் பயிற்றப்படுகின்றனர்.

5. திருப்பிக் கூறுதல் மட்டும் போதுமா?

2024 ஜனவரி 2 அன்று யப்பானின் ஹனேடா விமான நிலையத்தில், நிலநடுக்க நிவாரணப் பொருட்களுடன் நின்ற கரையோரக் காவற்படை விமானத்தின் மீது, தரையிறங்கிய பயணிகள் விமானமொன்று மோதியது. புறப்படும் வரிசையில் "நம்பர் 1" எனவும், ஓடுபாதைக்கு வெளியேயுள்ள காத்திருப்பு இடத்துக்குச் செல்லுமாறும் காவற்படை விமானத்துக்குக் கூறப்பட்டிருந்தது. அக்கட்டளை சரியாகவே திருப்பிக் கூறப்பட்டது. எனினும் விமானி தமக்கு நுழைவனுமதி கிடைத்ததாக எண்ணி ஓடுபாதையினுள் நுழைந்தார். காவற்படையினர் ஐவர் இறந்தனர். பயணிகள் விமானத்திலிருந்த 379 பேரும் தப்பினர். சொற்களைத் திரும்பச் சொல்வதும் பொருளை விளங்கிக்கொள்வதும் ஒன்றல்ல என்பதை இது காட்டுகின்றது.

நினைவிற் கொள்க: செய்தியை அனுப்பியவுடன் தொடர்பாடல் நிறைவடைவதில்லை. அனுப்புநர் கருதிய பொருளையே பெறுநரும் கொண்டார் என்பது உறுதியாகும்போதே அது நிறைவடைகின்றது. ஐயமிருப்பின் மீண்டும் வினவுதல் குறைபாடன்று, அது கடமையாகும்.

பயிற்சி வினாக்கள்

1. தெனெரீப் விபத்தில் "ஓகே" என்ற சொல் முறையான பின்னூட்டலாக அமையாமைக்குக் காரணம் யாது?
2. விமானப் பொறியியலாளரின் வினா பயனளிக்காமைக்குக் காரணமான தடையைப் பெயரிட்டு விளக்குக.
3. உமது பாடசாலையில் வாய்மொழி அறிவித்தல் ஒன்று பிழையாக விளங்கிக்கொள்ளப்படக்கூடிய சந்தர்ப்பம் ஒன்றைக் குறிப்பிட்டு, அதனைத் தவிர்க்கும் வழிகள் இரண்டினைத் தருக.

விடைக் குறிப்பு: வினா 1இற்கு, எதற்கான சம்மதம் என்பதை அச்சொல் தெளிவுபடுத்தவில்லை என்பது இடம்பெற வேண்டும். வினா 2இற்குத் தடையின் பெயரை மட்டும் எழுதாது, நிகழ்விலிருந்து சான்று காட்டுக.