காலையில் விளக்கும் பல் இரவில் கெடுகிறது



தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக வேலை பார்த்த காலத்தில் நான் பிடுங்கிய பற்களுக்குக் கணக்கு வைத்ததில்லை. வைத்திருந்தால் ஒரு பால் வாளி நிரம்பியிருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் வருவார்கள். கன்னம் வீங்கியிருக்கும், தலையைச் சுற்றித் துண்டு கட்டியிருக்கும், இரண்டு ராத்திரி தூங்காத கண் சிவந்திருக்கும். "டிரஸ்ஸர் ஐயா, மருந்தெல்லாம் வேணாங்க, புடுங்கிப்புடுங்க" என்பார்கள். "பல்லு வெளக்குறதில்லையா?" என்று கேட்டுவிட்டால் கோபம் வந்துவிடும். "என்னங்கய்யா இப்படிக் கேக்குறீங்க? வெடிய நாலு மணிக்கு எழுந்திரிச்சி, பல்லு வெளக்காம கோப்பித்தண்ணிகூட வாயில ஊத்துனதில்ல!"

அது பொய்யில்லை. பல் விளக்காமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவர்கள் நம் ஜனங்கள். பெரட்டுக்கு நேரமானாலும் பல்லைத் தேய்த்து, நாக்கை வழித்து, காறித் துப்பிவிட்டுத்தான் கோப்பி. அப்படி இருந்தும் நாற்பது வயதில் பாதிப் பல் போய்விடுகிறதே, ஏன்? இதற்குப் பதில் எனக்கே வெகு நாள் கழித்துத்தான் விளங்கியது. நாலு மணிக்குப் பல் விளக்குகிற அதே ஆள், முதல் நாள் ராத்திரி சோறு தின்று, ஒன்பது மணிக்கு டின் பால் ஊற்றிய தேத்தண்ணியில் ரொட்டியை நனைத்துத் தின்று, அப்படியே பாயில் படுத்துவிடுகிறார்.

பல்லின் மேல் எப்போதும் ஒரு வழவழப்பான படலம் படிகிறது. நாக்கால் தடவினாலே தெரியும். அதில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. நாம் தின்கிற சீனியை அவையும் தின்று அமிலத்தை விடுகின்றன. அந்த அமிலம்தான் பல்லை அரிக்கிறது. பகலில் வாயில் ஊறுகிற எச்சில் இந்த அமிலத்தைக் கழுவிவிடும். அரித்த இடத்தில் சுண்ணாம்புச் சத்தைத் திரும்பச் சேர்க்கவும் செய்யும். தூங்கும்போதோ எச்சில் ஊறுவது குறைந்துபோகிறது. ராத்திரி வாயில் விட்ட சீனிக்கு விடிய விடியக் காவல் இல்லை. ஆகவே ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் பல் விளக்க முடியும் என்று யாராவது என்னிடம் சொன்னால், அது படுக்கப் போகும் வேளையாக இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். காலையிலும் விளக்கினால் இன்னும் நல்லது. நாம் இத்தனை காலமாகத் தலைகீழாகச் செய்து வந்திருக்கிறோம்.

இன்று பேராக்கில் அந்த ரப்பர் தோட்டங்களில் பல செம்பனையாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிவிட்டன. லயத்து வீட்டை விட்டுவிட்டு சுங்கை சிப்புட், பத்து காஜா, ஈப்போ என்று தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடிபோனவர்கள் ஏராளம். வீடு மாறியது, வேலை மாறியது. பல் விளக்குகிற நேரம் மட்டும் மாறவில்லை.

எதைக் கொண்டு விளக்குவது என்று பார்ப்போம். அந்தக் காலத்தில் அடுப்புக்கரி, உப்பு, சிலர் செங்கல் பொடிகூட! பல் வெள்ளையாகத் தெரியும், உண்மைதான். ஆனால் மரம் வெட்டியவர்களுக்கு ஒன்று சொன்னால் விளங்கும். உளி பட்டையோடு நின்றால் பட்டை திரும்ப வளரும். உள்ளே மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டு முண்டாகப் போய்விடும். பல்லின் மேல் இருக்கிற கெட்டியான பூச்சு அந்தப் பட்டை மாதிரிகூட இல்லை. ஒரு தடவை தேய்ந்தால் தேய்ந்ததுதான், வளராது. கரியும் செங்கல் பொடியும் அதைத்தான் தேய்க்கின்றன. கடையில் கறுப்பு நிறத்தில் கரி பேஸ்ட் என்று இப்போது புது மோஸ்தராக வருகிறதே, அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. நம் பாட்டிமார் காசில்லாமல் செய்ததைக் காசு கொடுத்துச் செய்கிறோம்.

பல்பொடிக்கு வருவோம். ரோஜா நிறப் பல்பொடியின் வாசனை இன்னும் பலருக்கு மூக்கில் நிற்கும். பொடியை விரலால் தேய்த்தால் முன்பல் சுத்தமாகும். கடைவாய்ப் பல்லின் இடுக்கில் விரல் போகாது. சொத்தை விழுவதோ அங்கேதான். இந்தியாவில் சில பல்பொடிகளில் புகையிலை கலந்து விற்றார்கள். 1992ல் இந்திய அரசாங்கம் பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்க்கக் கூடாது என்று தடை போட்டது. ஆகையால் ஊருக்குப் போய் வருகிறவர்கள் பேர் தெரியாத பொட்டலப் பொடியை வாங்கி வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேப்பங்குச்சி கெடுதல் இல்லை. நுனியை நன்றாக மென்று தூரிகை மாதிரி ஆக்கித் தேய்க்கிறவர்களை நான் தடுத்ததில்லை. ஆனால் இரவில் பேஸ்ட் போட்டு ஒரு தடவை விளக்குங்கள் என்றுதான் அவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். காரணம் ஃபுளோரைடு.

ஃபுளோரைடு என்பது பல்லின் மேல்பூச்சை அமிலத்துக்கு எதிராகக் கெட்டிப்படுத்துகிற ஒரு சத்து. இந்நாட்டில் குழாய்த் தண்ணீரில் அதைக் கலக்க 1972ல் மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. பட்டணத்துப் பிள்ளைகளுக்கு அது கிடைத்தது. கிணற்றுத் தண்ணீரையும் ஆற்றுத் தண்ணீரையும் தொட்டியில் ஏற்றிக் குடித்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது எப்படிக் கிடைக்கும்? நம் பிள்ளைகளின் பல்லைப் பார்த்து "கவனக்குறைவு" என்று சுலபமாகச் சொல்கிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இன்றைக்கு அந்தக் குறையை ஈடு செய்ய நம் கையில் இருப்பது பேஸ்ட்தான்.

எந்தப் பேஸ்ட்? எதைக் கேட்டாலும் கடையில் போய் "கொல்கேட் கொடு" என்பது நம் வழக்கம். கடைக்காரரும் கையில் அகப்பட்டதைக் கொடுப்பார். பெயரைப் பார்க்க வேண்டாம், விலையையும் பார்க்க வேண்டாம். டியூபைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுங்கள். ஃபுளோரைடு 1000 முதல் 1500 பிபிஎம் வரை என்று இருந்தால் போதும். சில டியூபில் பிபிஎம் இருக்காது. சோடியம் ஃபுளோரைடு 0.22 சதவீதம் அல்லது சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட் 0.76 சதவீதம் என்று இருக்கும். இரண்டும் ஏறக்குறைய 1000 பிபிஎம்தான். இந்த எண் இருக்கிற ஐந்தாறு வெள்ளி பேஸ்ட், இந்த எண் இல்லாத இருபது வெள்ளி பேஸ்ட்டை விட மேல். மூலிகை, கிராம்பு, வேம்பு என்று படம் போட்ட பேஸ்ட்டுகளில் சிலவற்றில் ஃபுளோரைடு உண்டு, சிலவற்றில் அறவே கிடையாது. ஈப்போ லகாட் ரோடு பக்கம் இந்தியச் சாமான் கடைகளில் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

விளக்கி முடித்ததும் நுரையைத் துப்புங்கள், அதோடு விடுங்கள். செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் காசு கொடுத்து வாங்கிய ஃபுளோரைடு சாக்கடைக்குப் போகிறது. இதை முதலில் கேட்கிறவர்களுக்கு அருவருப்பாக இருக்கும். பழகிவிடும்.

பிரஷ் மெத்தென்று இருக்க வேண்டும், தலை சிறியதாக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்று, அல்லது முடி விரிந்ததும் மாற்றுங்கள். இரண்டு நிமிஷம் மெதுவாக, ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் தேய்த்தால் போதும். ஈறிலிருந்து ரத்தம் வந்தால் பலர் பயந்து அந்தப் பக்கம் விளக்குவதை நிறுத்திவிடுகிறார்கள். அது தப்பு. பெரும்பாலும் அழுக்குப் படிந்து ஈறு வீங்குவதால்தான் ரத்தம் வருகிறது. அங்கேதான் கவனமாக விளக்க வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் குறையாவிட்டால் பல் டாக்டரிடம் காட்டுங்கள். இனிப்புநீர் உள்ளவர்கள் இதில் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஈறு நோய் சர்க்கரையை ஏற்றும், சர்க்கரை ஈறு நோயை ஏற்றும். ஒரு வீட்டுக்கு ஒரே பிரஷ் என்ற பழக்கம் எங்காவது இன்னும் இருந்தால் இன்றோடு நிற்கட்டும்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். தாய்மார்கள் கவனிக்க வேண்டும். விடியுமுன் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வெட்டுக்கு ஓடிய காலத்தில், அழுகிற பிள்ளை வாயில் டின் பால் கரைத்த போத்தலை வைப்பதைத் தவிர வேறு வழி இருந்ததா? குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாலில் சீனிதான் அதிகம். மலாயாவில் வேலை பார்த்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார், 1939லேயே சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் "பாலும் கொலையும்" என்று தலைப்பு வைத்து, பச்சைப் பிள்ளைகளுக்கு இந்தப் பாலைக் கொடுப்பதைக் கண்டித்துப் பேசினார். அவர் பேசியது பிள்ளைகளின் உயிரைப் பற்றி. பல் அதில் சின்ன விஷயம்தான். என்றாலும் போத்தலோடு தூங்குகிற பிள்ளையின் மேல் முன்பற்கள் இரண்டு வயதுக்குள் கறுத்து ஒடிவதை நம் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். இரவில் போத்தலில் வைக்கலாம் என்றால் அது வெறும் தண்ணீர் மட்டும்தான்.

முதல் பல் முளைத்த அன்றே விளக்க ஆரம்பிக்க வேண்டும். மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு பேஸ்ட், ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. ஏழெட்டு வயது வரை தாயோ தகப்பனோ கையைப் பிடித்து விளக்கிவிட வேண்டும். "பால் பல்லுதானே, விழுந்து மொளைக்கும்" என்று விட்டுவிடக் கூடாது. பால்பல் சீக்கிரம் போனால் பின்னால் வருகிற பல்லுக்கு இடம் தெரியாமல் கோணலாக வரும்.

முக்கியமான ஒன்று. ஆறு வயது வாக்கில் கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, புதிதாக ஒரு பெரிய பல் முளைக்கும். அதுவும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அது கடைசி வரை இருக்க வேண்டிய பல். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நான் பிடுங்கிய நிரந்தரப் பற்கள் அநேகமாக அந்தப் பல்தான். தமிழ்ப்பள்ளிக்குப் பல் நர்ஸ் வருகிறார் என்று தெரிந்ததும் வயிற்று வலி என்று படுத்துக்கொள்கிற பையன்கள் உண்டு. பினாங்கில் 1949 முதல் இவர்களுக்கென்றே பயிற்சிப் பள்ளி நடத்தி, பிள்ளைகளின் பல்லைப் பார்க்கவே பழக்கி அனுப்புகிறார்கள். செலவும் இல்லை. பையனை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புங்கள்.

பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியது வெற்றிலைப் பெட்டியைப் பற்றி. இதை எழுதக் கை கொஞ்சம் தயங்குகிறது. ஒரு பாட்டி பல்வலி என்று என்னிடம் வந்தார். ஆடிக்கொண்டிருந்த பல்லைப் பிடுங்கி அனுப்பினேன். கன்னத்தின் உள்பக்கம், வெற்றிலையை அடக்குகிற இடத்தில், வெள்ளையாகத் தடித்திருந்ததைப் பார்த்தேன். சுண்ணாம்புப் புண் என்று நினைத்துவிட்டேன். ஏழெட்டு மாதம் கழித்து மறுபடியும் வந்தபோது அது புண்ணாகிக் கழுத்தில் கட்டி விழுந்திருந்தது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பினேன். காலம் கடந்துவிட்டது.

இந்நாட்டில் வாய்ப்புற்று மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடம், அதிலும் பெண்களிடம் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், புகையிலையோடு போடும் வெற்றிலை புற்று உண்டாக்கும் என்று 1985லேயே சொல்லிவிட்டது. 2004ல் வெளியிட்ட நூலில், புகையிலை இல்லாமல் போட்டாலும் அப்படித்தான், பாக்கே காரணம் என்று எழுதியது. "நான் பொகையில போடுறதில்ல சாமி, வெறும் வெத்தல பாக்குதான்" என்கிற ஆறுதல் செல்லாது. விட முடிந்தவர்கள் விடுங்கள். விட முடியாதவர்கள் அடக்கி வைத்துக்கொண்டு தூங்குவதையாவது இன்று ராத்திரியே நிறுத்துங்கள்.

மாதம் ஒரு தடவை வெயில் வெளிச்சத்தில் பாட்டி, தாத்தாவை உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கன்னத்து உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடிப்பக்கம் ஆகிய இடங்களில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருக்கிறதா? அவர்களுடைய மூன்று விரலை நெட்டாக அடுக்கி வாயில் வைக்க முடிகிறதா? வாய் அவ்வளவு திறக்கவில்லை, காரம் பட்டால் எரிகிறது என்றால் அதுவும் அறிகுறிதான். வலி இருக்காது, ஆகையால் வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பொய்ப்பல் கட்டியிருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள். அதை இரவில் கழற்றி, சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, சுத்தமான தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும்.

ஏதாவது கண்டால் பக்கத்து அரசாங்கப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். அடையாள அட்டை, சாப்பிடுகிற மாத்திரைகள் இரண்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். கட்டணம் சொற்பமே. "பல் வலி" என்று மட்டும் சொன்னால் பல்லை மட்டும் பார்த்து அனுப்பிவிடக்கூடும். "வாயில் திட்டு இருக்கிறது, எத்தனை வருஷமாக வெற்றிலை போடுகிறார்" என்று கூடப் போகிறவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.