ஓடும் பொறியில் ஓர் ஒற்றன்

அரசுக்கு ஒற்றர் இன்றியமையாதவர் என்பதால் வள்ளுவர் ‘ஒற்றாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் ஒற்றரைப் பேணும் செலவே அரசை விழுங்கிவிட்டால் என்னாகும்? கணிப்பொறியிலும் இவ்வினா எழுகிறது.

கணிப்பொறியின் அரசு கெர்னல். நினைவகம், வட்டு, வலைத்தொடர்பு ஆகியவற்றை எல்லா நிரல்களுக்கும் பங்கிட்டளிப்பது அதுவே. அது ஓரிடத்தில் தயங்கினால் காரணம் காணவேண்டும். வங்கியிலும் மருத்துவமனையிலும் ஓடும் பொறியை நிறுத்திப் பார்க்கலாமா? ஆகாது. ஓடும்போதே உளவறிய வேண்டும்.

ஒவ்வொரு செயற்கூறின் வாயிலிலும் ‘இங்கு வந்தேன்’ என்று எழுதச் செய்வது எளிய வழி. சற்றே கணக்கிடுவோம். ஒரு செயற்கூறு நொடிக்கு 10 இலட்சம் முறை அழைக்கப்படுகிறது. ஒரு குறிப்பெழுத ஒரு மைக்ரோ நொடி ஆகிறது எனக் கொள்க. நொடி முழுவதும் குறிப்பெழுதவே கழிந்துவிடும்! நோயறிய வந்த கருவியே நோயாகிவிடும்.

இச்சிக்கலை அவிழ்த்தோருள் நம் நாட்டாரும் உளர் என்பது நமக்குப் பெருமை. லினக்ஸ் கெர்னலின் ‘கே-புரோப்ஸ்’ நிரலை 2002 அக்டோபரில் இந்திய ஐ.பி.எம். நிறுவனத்தின் வம்சி கிருஷ்ணா தொடங்கினார். 2004 ஆகஸ்டில் பிரசன்ன பஞ்சமுகி திருத்தியமைத்தார். அவ்வாண்டே 2.6.9 பதிப்பில் அது இடம் பெற்றது.

அது இயங்கும் முறை யாது? வேண்டிய இடத்திலுள்ள கட்டளையைப் படியெடுத்து வேறிடத்தில் வைப்பர். மூலக் கட்டளையின் முதல் பைட்டில் ‘நில்’ என்னும் கட்டளையை இடுவர். செயலி அங்கு வந்ததும் இடைமறிக்கப்படும், ஒற்றன் குறிப்பெடுப்பான். பின்னர்ப் படியெடுத்த கட்டளை நிறைவேறும். செயலி தன் வழியே செல்லும். ஒற்றனை நிறுத்தாத இடத்தில் செலவு சிறிதுமில்லை.

இடைமறிப்புக்கும் நேரம் ஆகுமன்றோ? ஆதலின் 2010-இல் வந்த 2.6.34 பதிப்பில், இயலும் இடங்களில் ‘நில்’ என்பதற்குப் பதிலாகத் ‘தாவு’ என்னும் கட்டளை இடும் முறை சேர்ந்தது.

மற்றொரு வழியும் உண்டு. எஸ்பிளனேடில் டிராம் பாதை பிரியுமிடத்தைக் கண்டிருப்பீர்கள். ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி ‘எப்பக்கம்?’ என்று கேட்பதில்லை. தண்டவாளத்தையே முன்னதாகத் திருப்பி வைக்கின்றனர். அதுபோல, நிரலில் முன்கூட்டியே ஒன்றும் செய்யாத வெற்றுக் கட்டளையை இட்டு வைப்பர். உளவு வேண்டும்போது மட்டும் அதைத் தாவு கட்டளையாக மாற்றுவர். ‘வேண்டுமா?’ என்று ஒவ்வொரு முறையும் சோதிக்கும் செலவு மிச்சம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஒரு செயலி படிக்கும் கட்டளையை மற்றொரு செயலி பாதி மாற்றிய நிலையில் விட்டால் பொறியே வீழும். ஆகவே மாற்றம் படிப்படியாக, எல்லாச் செயலிகளும் ஒத்திசைய நிகழ்தல் வேண்டும். மேலும், ஒற்றனை இயக்கும் செயற்கூறிலேயே ஒற்றனை வைத்தல் கூடாது. அவன் தன்னையே முடிவின்றி அழைப்பான்.

மாணவத் தோழர்களே, இந்தியப் புள்ளியியல் கழகமும் யாதவ்பூர்ப் பல்கலைக்கழகமும் கூடி 1966-இல் ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1 கணிப்பொறியை இயக்கிக் காட்டிய நகரில் பயில்கிறோம். நாமும் செய்து பார்ப்போம். ஒரு வேலையை உளவின்றி ஒரு முறையும் உளவுடன் ஒரு முறையும் ஓட்டி, நேரத்தைக் குறித்திடுக. அவ்வேறுபாடே உளவின் விலை. அதை அறியாமல் எந்த அளவையும் நம்பற்க.