சுருள்முடி நாய்க்குட்டியும் செம்பனைக் கன்றும்

மாணவர்களே, உங்கள் கைப்பேசிக்கு ஒரு விளம்பரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழுப்பு நிறம், சுருள்சுருளான முடி, பொம்மையைப் போன்ற ஒரு நாய்க்குட்டி. பெயர் 'லேப்ரடூடுல்'. படத்தின் கீழே மூன்று வாக்குறுதிகள்: முடி கொட்டாது, ஒவ்வாமை வராது, கலப்பினம் என்பதால் நோய் அண்டாது. விலை சில ஆயிரம் ரிங்கிட். சுங்கை பட்டாணியோ கூலிமோ, வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருவார்களாம்.

வாங்கலாமா? அவசரப்பட வேண்டாம். நாய் பொதுவாக 12 முதல் 15 ஆண்டுகள் வரை வாழும். இன்று படிவம் 2இல் இருக்கும் நீங்கள் படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகும் அது உங்கள் வீட்டில் இருக்கும். எனவே அந்த மூன்று வாக்குறுதிகளையும் அறிவியலை வைத்துச் சோதித்துப் பார்ப்போம்.

பெயர் பிறந்த கதை

பூடில் ஒரு பழைய இனம். வேட்டைக்காரர் சுட்ட வாத்துகளைத் தண்ணீரில் நீந்திச் சென்று எடுத்துவர வளர்க்கப்பட்டது. அதன் பெயரே தண்ணீரைத் தெறிக்கச் செய்வதைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது. இதில் பெரியது, நடுத்தரம், மிகச் சிறியது என்று மூன்று அளவுகள் உண்டு. முடி அதிகம் கொட்டாது. ஆனால் வளர்ந்துகொண்டே இருக்கும்.

1980களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில், பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கும் ஒரு சங்கத்தில் வாலி கான்ரன் என்பவர் பணியாற்றினார். ஹவாய்த் தீவில் இருந்த பார்வையற்ற பெண் ஒருவருக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. அவர் கணவருக்கோ நாய் என்றால் ஒவ்வாமை. கான்ரன் பல பூடில்களைப் பழக்கிப் பார்த்தார். எதுவும் அந்த வேலைக்குச் சரிப்படவில்லை. கடைசியில் லேப்ரடார் நாயையும் பூடிலையும் இணைத்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. அவற்றின் முடியும் உமிழ்நீரும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதிக்கப்பட்டன. ஒரே ஒரு குட்டிதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. அதன் பெயர் சுல்தான்.

மற்ற குட்டிகளை எடுத்து வளர்க்க யாரும் முன்வரவில்லை; எல்லாரும் தூய இனத்தையே கேட்டார்கள். அப்போதுதான் கான்ரன் 'லேப்ரடூடுல்' என்ற பெயரைச் சொன்னார். நாய் அதே நாய்தான். பெயர் மாறியதும் கேட்டு வருவோர் குவிந்தார்கள். பிறகு காக்கர் ஸ்பேனியலும் பூடிலும் சேர்ந்த காக்கபூ, மால்டீஸும் பூடிலும் சேர்ந்த மால்டிபூ என்று பலவும் பரவின. அவற்றுள் காக்கபூ லேப்ரடூடுலுக்கு முன்பே அமெரிக்காவில் இருந்தது. லேப்ரடூடுலைத் தொடங்கி வைத்தமைக்காக வருந்துவதாகக் கான்ரனே 2019இல் சொன்னார்.

தோட்டம் சொல்லித் தரும் மரபியல்

கெடாவில் பீடோங், பாடாங் செராய், கூலிம் பக்கம் போனால் ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை நிற்கும் தோட்டங்களைப் பார்க்கலாம். பெரும்பாலும் அவை 'தெனெரா' வகை மரங்கள். தடித்த ஓடுள்ள 'டூரா'வையும் ஓடே இல்லாத 'பிசிஃபெரா'வையும் இணைத்தால் மெல்லிய ஓடுள்ள தெனெரா கிடைக்கும். இதில் டூராவைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு அதிக எண்ணெய் கிடைக்கிறது. ஓட்டின் தடிப்பை ஒரே ஒரு மரபணு முடிவு செய்கிறது. அது எந்த மரபணு என்பதை மலேசியச் செம்பனை வாரிய ஆய்வாளர்கள் 2013இல் கண்டறிந்து வெளியிட்டார்கள்.

தெனெரா மரத்தடியில் விழுந்து தானாக முளைக்கும் கன்றைத் தோட்டத்தில் நடுவதில்லை. ஏன்? தெனெராவும் தெனெராவும் சேர்ந்தால் நான்கில் ஒரு பங்கு டூராவாகவும், ஒரு பங்கு பெரும்பாலும் காய் பிடிக்காத பிசிஃபெராவாகவும் பிரிந்துவிடும். பாதிதான் தெனெரா. அதனால்தான் ஒவ்வொரு முறையும் டூராவையும் பிசிஃபெராவையும் புதிதாக இணைத்து உண்டாக்கிய விதையை வாங்குகிறார்கள்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்குட்டிக்கும் இதே விதிதான்.

முதல் வாக்குறுதி: முடி கொட்டாது

நாய்களின் முடி வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒன்று முடியின் நீளத்தையும், இன்னொன்று சுருளையும், மூன்றாவது முகத்தில் தாடி மீசை வளர்வதையும் முடிவு செய்கின்றன. தாடி மீசை உள்ள நாய்களுக்குப் பொதுவாக முடி குறைவாகவே கொட்டும்.

தாடி மரபணுவை மட்டும் எடுத்துக்கொள்வோம். பள்ளியில் 'டோமினன்', 'ரெசெசிஃப்' என்று படிப்பதைத் தமிழில் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்கிறோம். தாடி ஓங்கு பண்பு. அதைத் 'தா' என்று குறிப்போம். மழுமழு முகம் ஒடுங்கு பண்பு, அது 'ம'. பூடில் தா-தா; லேப்ரடார் ம-ம.

பூடிலும் லேப்ரடாரும் இணைந்தால் முதல் தலைமுறைக் குட்டிகள் எல்லாம் தா-ம. எல்லாவற்றுக்கும் தாடி இருக்கும். விற்பவர்கள் இவற்றை எஃப்1 என்பார்கள்.

இரண்டு எஃப்1 நாய்களை இணைத்தால் ஒரு பங்கு தா-தா, இரண்டு பங்கு தா-ம, ஒரு பங்கு ம-ம. அதாவது நான்கில் ஒரு குட்டிக்கு லேப்ரடாரைப் போல மழுமழு முகம். முடியும் நன்றாகக் கொட்டும். செம்பனைக் கன்று பிரிந்த அதே விகிதம்.

எஃப்1 நாயை மீண்டும் பூடிலுடன் இணைத்தால் பாதி தா-தா, பாதி தா-ம. எல்லாவற்றுக்கும் தாடி உண்டு. இதை எஃப்1பி என்பார்கள்.

ஆகவே "லேப்ரடூடுல்" என்ற பெயர் மட்டும் போதாது. "தாய் எது, தந்தை எது?" என்று கேட்க வேண்டும். இன்னொன்று: கொட்டாத முடி உடம்பிலேயே தங்கும். வாரத்தில் பல முறை சீவாவிட்டால் சிக்குப் பிடித்துத் தோலை இழுக்கும், நாய்க்கு வலிக்கும். நம் ஊர் உண்ணிகள் ஒளிந்துகொள்ளவும் அந்தச் சுருள் வசதியான இடம். உண்ணி கடித்தால் எர்லிக்கியா என்னும் இரத்த நோய் தொற்றலாம். முடி கொட்டாத நாயை வளர்ப்பவருக்கு வேலை குறைவதில்லை. கூட்டுவதற்குப் பதில் சீவுகிறார், அவ்வளவுதான்.

இரண்டாவது வாக்குறுதி: ஒவ்வாமை வராது

தும்மலையும் கண் அரிப்பையும் உண்டாக்குவது நாயின் முடி அல்ல. நாயின் உமிழ்நீரிலும் தோல் செதிலிலும் சிறுநீரிலும் உள்ள புரதங்கள். முடியே இல்லாத நாய்க்கும் தோல் உண்டு, உமிழ்நீர் உண்டு. 2011இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நாய் வளர்க்கும் 173 வீடுகளில் தூசியை எடுத்துச் சோதித்தார்கள். 'ஒவ்வாமை தராத இனம்' எனப்படும் நாய்கள் இருந்த வீட்டுக்கும் மற்ற வீடுகளுக்கும் அந்தப் புரத அளவில் வேறுபாடு தெரியவில்லை. 2012இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில் பூடில், லேப்ரடூடுல் போன்றவற்றின் முடியில் அந்தப் புரதம் கூடுதலாகவே இருந்தது.

சுல்தான் ஏன் ஒத்துக்கொண்டது என்றால், அந்த ஒரு நாயும் அந்த ஒரு மனிதரும் பொருந்தினார்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஆஸ்துமா இருந்தால், முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். பிறகு வாங்க நினைக்கும் அதே குட்டியுடனும் அதன் தாயுடனும் அவர் சில முறை நேரம் செலவிட்டுப் பார்க்கட்டும். குட்டியை வாங்கி, பிறகு தெருவில் விடுவதைவிட அது மேல்.

மூன்றாவது வாக்குறுதி: நோய் அண்டாது

கலப்பினத்துக்கு வீரியம் கூடும் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. பல பரம்பரை நோய்கள் ஒடுங்கு பண்பாக வருகின்றன. தாயிடம் ஒரு நோயின் மரபணுவும் தந்தையிடம் வேறொரு நோயின் மரபணுவும் இருந்தால், குட்டியிடம் எதுவும் வெளிப்படாது.

ஆனால் இருவரிடமும் ஒரே நோயின் மரபணு இருந்தால்? விழித்திரை மெல்ல அழிந்து நாய் குருடாகும் ஒரு நோய் உண்டு. பூடில், லேப்ரடார், காக்கர் ஸ்பேனியல் மூன்றிலும் அதற்குக் காரணமான அதே மரபணு மாற்றம் காணப்படுகிறது. நோயைச் சுமக்கும் லேப்ரடாரும் சுமக்கும் பூடிலும் இணைந்தால் நான்கில் ஒரு குட்டிக்கு நோய் வரும். கலப்பு இங்கே காப்பாற்றாது. பெற்றோருக்குச் செய்யும் மரபணுச் சோதனைதான் காப்பாற்றும். இடுப்பு மூட்டுக் குறைபாடும் இவ்விரு இனங்களிலும் உள்ளது. 2024இல் லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி வெளியிட்ட ஆய்வும் பூடில் கலப்புகளின் உடல்நலம் தூய இனங்களைவிடப் பெரிதாக மேம்பட்டிருக்கவில்லை என்றே காட்டியது.

எது நமக்கு ஏற்றது?

லேப்ரடூடுல் 25 கிலோவைத் தாண்டி வளரக்கூடியது. ஓடும் இடமும் நாள்தோறும் நீண்ட நடையும் வேண்டும். காக்கபூவும் மால்டிபூவும் சிறியவை. ஆனால் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் ஏங்கிக் குரைக்கக்கூடும். ஷிட்சூவும் பூடிலும் கலந்த குட்டியாக இருந்தால் மூக்கைப் பாருங்கள். நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. மூக்கு சப்பையாக இருந்தால் நம் ஊர் மதிய வெயிலில் திணறும். அடுக்குமாடி வீடு என்றால் நாய்க்கு அனுமதி உண்டா என்று உங்கள் நகராண்மைக் கழகத்தில் முதலில் கேளுங்கள், உரிமமும் அங்கேதான். தாமானில் மலாய்க்கார அண்டை வீட்டார் இருந்தால் நாய் வேலி தாண்டாமல் பார்த்துக்கொள்வது நம் பண்பு.

குட்டியைத் தேடும்போது

படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். அப்பா அம்மாவுடன் நேரில் போங்கள். குட்டி தாயுடன் இருக்கிறதா என்று பாருங்கள். தாயைக் காட்ட மறுத்தால் திரும்பிவிடுங்கள்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை எடுக்க வேண்டாம். வாயைத் திறந்து பாருங்கள்: எட்டு வாரக் குட்டிக்கு 28 பால்பற்களும் ஏறக்குறைய முளைத்திருக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி உலகத்தைப் பழகும் காலம். மனிதர், மோட்டார் சைக்கிள் சத்தம், குழந்தைகள் எல்லாவற்றையும் அப்போது பார்த்த நாய்தான் பின்னாளில் பயந்து கடிக்காது.

தடுப்பூசி அட்டையையும் பெற்றோரின் சோதனைச் சான்றையும் கேளுங்கள். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி விலங்கு விற்பனை செய்பவருக்கு உரிமம் வேண்டும். உரிமம் பற்றிச் சந்தேகம் வந்தால் கால்நடைச் சேவைத் துறையில் விசாரிக்கலாம்.

கெடாவில் வாழும் நமக்கு இன்னொன்றும் முக்கியம். ரேபிஸ் இல்லாத நாடாக மலேசியா அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நாய்களிடம் அந்த நோய் மீண்டும் தலைகாட்டியது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத குட்டி ஏன் ஆபத்து என்பது இப்போது புரியும். எந்த நாய் கடித்தாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

லயத்து வாசலில் படுத்திருக்கும் நம் நாட்டு நாயையும் மறந்துவிடாதீர்கள். பல தலைமுறையாகப் பல நாய்கள் கலந்து வந்த மரபு அதனுடையது. நம் வெயிலுக்குப் பழகியது. குட்டை முடியில் உண்ணி எளிதில் கண்ணில் படும். தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து வளர்த்தால் அதுவும் பதினைந்து ஆண்டுகள் உங்கள் வாசலைக் காக்கலாம். அதற்கு டூடுல் என்று பெயர் மட்டும் இல்லை.

விடை காண்க

1. எஃப்1 லேப்ரடூடுலை லேப்ரடாருடன் இணைத்தால் எத்தனை பங்குக் குட்டிகளுக்குத் தாடி இருக்கும்?

2. தாய் கண் நோயின் மரபணுவைச் சுமக்கிறது. தந்தையிடம் அது இல்லை எனச் சோதனை காட்டுகிறது. குட்டிகளில் எத்தனை பங்கு குருடாகும்?

3. இரண்டு எஃப்1 நாய்களுக்கு எட்டுக் குட்டிகள். எல்லாவற்றுக்கும் தாடி இருக்கிறது. மரபியல் விதி பொய்யா?

விடைகள்: 1. பாதி. 2. ஒன்றும் இல்லை, பாதிக் குட்டிகள் மரபணுவைச் சுமக்கும், அவ்வளவே. 3. இல்லை. ஒவ்வொரு குட்டிக்கும் தாடி வர நான்கில் மூன்று வாய்ப்பு. எட்டுக்கும் வர ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. முக்காலை எட்டு முறை பெருக்கிப் பாருங்கள்.