எடுக்காத லீவும் கடன்தான்

சம்பளத்தோடு கூடிய விடுப்பைக் கணக்கில் எழுதுவது: சிறு தொழில் நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

'சரண்டர்' என்றால் தமிழ்நாட்டில் அரசு ஊழியர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஈட்டிய விடுப்பில் 15 நாளை ஒப்படைத்துவிட்டுப் பணமாக வாங்கிக்கொள்வது. 2020-இல் கொரோனா நெருக்கடியில் அரசு அதை நிறுத்திவைத்தது. 2025 அக்டோபர் 1 முதல்தான் மறுபடியும் கொடுக்கத் தொடங்கியது. அரசால் ஆணை போட்டு நிறுத்த முடிந்தது. பட்டறையோ கம்பெனியோ நடத்துகிறவருக்கு அந்த வசதி கிடையாது. ஆள் வேலையை விட்டு நின்றால் பாக்கி லீவுக்குப் பணத்தை எண்ணி வைத்தாக வேண்டும். அந்தத் தொகை அன்றைக்குத் திடீரென்று வந்ததல்ல, மாதாமாதம் சேர்ந்தது. கணக்கிலும் அப்படியே ஏற வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. முதலில் லீவை வகை பிரியுங்கள். ஆண்டு முடிந்தால் காலாவதியாகும் சி.எல்.லுக்கு (தற்செயல் விடுப்பு) ஒதுக்கீடு தேவையில்லை. எடுத்த மாதத்துச் சம்பளத்திலேயே அந்தச் செலவு அடங்கிவிடுகிறது. 26 வாரப் பேறுகால விடுப்பும் சேர்த்துவைக்கும் லீவு அல்ல. அது எடுக்கப்படும்போதுதான் செலவு. ஈ.எல். (ஈட்டிய விடுப்பு) அப்படியல்ல. அடுத்த ஆண்டுக்குப் போகும், பணமாகவும் மாறும். ஒதுக்கீடு அதற்குத்தான்.

2. உங்கள் நிறுவனத்துக்கு எந்தச் சட்டம் என்று பாருங்கள். கடை, அலுவலகம் என்றால் 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம்: ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு, 24 நாள்வரை சேர்க்கலாம். தொழிற்சாலை என்றால் 20 நாள் வேலைக்கு ஒரு நாள், 30 நாள்வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். இந்த உரிமை வர ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்றிருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 180 நாளாகக் குறைத்திருக்கிறது. முன்பு தகுதி பெறாத சிலரையும் இனி எண்ணிக்கையில் சேர்க்க வேண்டிவரும்.

3. மாதாமாதம் எழுதுங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,600 ரூபாய் வாங்கும் ஒரு லேத் ஆபரேட்டரை எடுத்துக்கொள்வோம். 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 600. மாதம் 25 நாள் வேலை பார்த்தால் ஒன்றேகால் நாள் லீவு சேரும். அதாவது 750 ரூபாய். டேலியில் 'விடுப்புச் செலவு' பற்று, 'விடுப்பு ஒதுக்கீடு' வரவு. அவர் லீவு எடுத்தாலோ பணமாக வாங்கினாலோ ஒதுக்கீட்டில் பற்று வைத்துக் குறையுங்கள். 26-ஆல் வகுப்பதா 30-ஆல் வகுப்பதா என்பதை விடுப்பு விதிகளில் எழுதிவைத்து, எல்லோருக்கும் அதையே பின்பற்றுங்கள்.

4. சம்பளம் உயர்ந்தால் பழைய பாக்கியையும் புது விலையில் போடுங்கள். அதே ஆபரேட்டருக்கு 18 நாள் பாக்கி இருந்தால் 10,800 ரூபாய். 10 சதவீத உயர்வு கொடுத்ததும் அது 11,880 ஆகிவிடும். ஒரு நாள் லீவுகூடக் கூடவில்லை, கடன் மட்டும் 1,080 ரூபாய் ஏறியிருக்கிறது. இதே நிலையில் 20 பேர் இருந்தால் 21,600.

5. ஆக்சுவரி (எதிர்காலப் பொறுப்பை மதிப்பிடும் நிபுணர்) தேவையா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். சிறு, நடுத்தரக் கம்பெனி வகையில் வந்து, சராசரியாக 50 பேருக்குக் குறைவாக வேலை பார்த்தால், ஆண்டுக் கடைசியில் எல்லோரும் பணமாக வாங்குவதாக வைத்துக்கொண்டு எளிமையாகக் கணக்கிட ஏ.எஸ். 15 என்ற கணக்கியல் தரநிலை அனுமதிக்கிறது. அதற்கு மேல் போனால் சம்பள உயர்வு, வேலையை விடும் விகிதம், வட்டி விகிதம் எல்லாம் சேர்த்த ஆக்சுவரியின் மதிப்பீடு வேண்டும்.

6. தொழிற்சாலையில் ஒருவர் வேலையை விட்டால் லீவுப் பணத்தை இரண்டாவது வேலை நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். ஓய்வு பெற்றாலோ பணியில் இறந்தாலோ இரண்டு மாதம்வரை அவகாசம் உண்டு.

செய்யக்கூடாதவை

1. பணம் கொடுக்கும் ஆண்டின் தலையில் மொத்தச் செலவையும் கட்டாதீர்கள். பத்து வருடம் லாபம் கூடுதலாகத் தெரியும். நான்கு மூத்த தொழிலாளர்கள் ஒரே ஆண்டில் ஓய்வு பெற்றால் அந்த ஆண்டு காரணமே இல்லாமல் அடி வாங்கியதுபோல் இருக்கும். வங்கியில் கடன் கேட்டுப் போயிருக்கும் நேரம் என்றால் விளக்கம் சொல்லி மாளாது.

2. ஒதுக்கீடு எழுதியதுமே வருமான வரி குறையும் என்று நம்பாதீர்கள். பாரத் எர்த் மூவர்ஸ் வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் எடுக்காத லீவுக்கான பொறுப்பை உண்மையான கடன்தான் என்று ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் (எஃப்) என்ற உட்பிரிவு வந்து, பணம் கொடுத்தால்தான் கழிவு என்றாகிவிட்டது. எக்சைடு வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றமும் அந்த உட்பிரிவு செல்லும் என்றது. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கொடுத்த தொகைக்கு அந்த ஆண்டிலேயே கழிவு உண்டு. ஆகவே லாபக் கணக்கில் ஒதுக்கீடு இருக்கட்டும். வரிக் கணக்கில் அதைத் திரும்பக் கூட்டுங்கள்.

3. லீவு கேட்டவருக்கு 'ஆர்டர் இருக்கிறது' என்று மறுத்துவிட்டு, ஆண்டு முடிவில் 30 நாளுக்கு மேல் இருப்பதை வெட்டாதீர்கள். தொழிற்சாலையில் கேட்டு மறுக்கப்பட்ட லீவுக்கு அந்த உச்சவரம்பு பொருந்தாது. மறுத்ததை எழுத்தில் பதிந்து, பாக்கியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. லீவைப் பணமாக்கும் தொகையில் பி.எஃப். பிடிக்காதீர்கள், அது அடிப்படை ஊதியம் ஆகாது என்று மணிப்பால் அகாடமி வழக்கில் 2008-இல் தீர்ப்பாகிவிட்டது. அதற்காக லீவில் இருக்கும் நாளின் சம்பளத்தில் பிடிக்காமல் விட்டுவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு.

5. 'லீவுப் பணத்துக்கு வரி இல்லை' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். வேலையில் இருந்துகொண்டே வாங்கினால் முழுவதும் வரிக்கு உட்பட்டது. ஓய்வு பெறும்போது தனியார் ஊழியருக்கு விலக்கு உண்டு. அதன் உச்சவரம்பு 2023 ஏப்ரல் முதல் 3 லட்சத்திலிருந்து 25 லட்சமாகியிருக்கிறது.

6. டிசம்பர் பாக்கியை மார்ச் கணக்கில் அப்படியே ஒட்டாதீர்கள். பல இடங்களில் லீவு ஆண்டு ஜனவரியில் தொடங்கும், கணக்கு ஆண்டு ஏப்ரலில் தொடங்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் எடுத்த லீவும், மூன்று மாதத்தில் புதிதாகச் சேர்ந்ததும் நடுவில் நிற்கின்றன. மார்ச் 31 அன்று வருகைப் பதிவேட்டை வைத்துப் பெயர் பெயராக நாளை எண்ணி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எத்தனை நாள் பாக்கி என்ற தகராறு அதோடு தீர்ந்துவிடும்.