இடது பக்கத்துக் கடல் காணாமல் போனால்

தனுஷ்கோடி அரிச்சல்முனையில், இலங்கைப் பக்கம் பார்த்தபடி நின்றிருக்கீங்களா? இடது கைப்பக்கம் பாக் நீரிணை, வலது கைப்பக்கம் மன்னார் வளைகுடா. அமைதியாகக் கிடப்பது பெண்கடல், அலையடிப்பது ஆண்கடல் என்று நம்ம ஊரில் சொல்வாங்க. (வாடைக்காற்று காலத்தில் பெண்கடலும் சீறும், அது வேறு கதை.) இரண்டு கடலையும் நீங்க ஒரே பார்வையில் பார்த்துவிடுறீங்க. ஆனால் உங்கள் மூளை அதை இரண்டாகப் பிரித்துத்தான் பார்க்கிறது. இடது பக்கத்துக் கடல் வலது மூளைக்குப் போகிறது, வலது பக்கத்துக் கடல் இடது மூளைக்குப் போகிறது. இதைத் தெரிந்து வைத்திருப்பது ஒருநாள் உங்கள் வீட்டில் ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

முதலில் கண்ணைப் பார்ப்போம். ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்ன உருண்டை அது. முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருப்பது கருவிழி. அரை மில்லிமீட்டரை விடச் சற்றே கூடுதல் கனம்தான், அதில் ரத்தக்குழாயே கிடையாது. அதற்குப் பின்னால் வெளிச்சத்துக்கு ஏற்பச் சுருங்கி விரியும் பாப்பா, அதற்கும் பின்னால் லென்ஸ். இந்த லென்ஸ் மங்கிப்போவதைத்தான் கண்புரை என்கிறோம். கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருப்பது விழித்திரை. மங்கல் வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி செல்கள் அதில் சுமார் 12 கோடி, நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். கடலும் படகும் அங்கே தலைகீழாக விழுகின்றன.

உப்பளத்திலும் படகிலும் வேலை பார்க்கிறவங்களுக்கு இன்னொன்றும் சொல்லணும். வெயிலும் காற்றும் தூசியும் வருஷக்கணக்கில் பட்டால், பெரும்பாலும் மூக்குப் பக்கத்து வெள்ளை விழியிலிருந்து ஒரு முக்கோணச் சதை கருவிழியை நோக்கி வளரும். வலிக்காது என்பதால் பலரும் அப்படியே விட்டுடுறாங்க. தொப்பியும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் இதைக் குறைக்கும். தாய்ப்பால், மூலிகைச் சாறு எதையும் கண்ணில் விடாதீங்க. கருவிழியில் புண் வந்தால் தழும்பு நின்றுவிடும்.

இனி ஒரு சின்னச் சோதனை. போனைக் கீழே வையுங்க. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கட்டைவிரல்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்த்துங்க. இடது கண்ணை மூடி, வலது கண்ணால் இடது கட்டைவிரலை மட்டும் பாருங்க. பார்வையை அசைக்காமல் வலது கட்டைவிரலை மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்க. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் அதன் நுனி மறைந்துவிடும்! பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடம் அது. அங்கே பார்க்கும் செல்கள் இல்லை. அந்த ஓட்டையை இத்தனை நாளாக உங்கள் மூளைதான் நிரப்பிக் காட்டிக்கொண்டிருந்தது.

அந்த நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள். இரண்டு கண்ணின் நரம்புகளும் மூளைக்கு அடியில் ஓரிடத்தில் சந்திக்கின்றன. மூக்குப் பக்கத்து இழைகள் மட்டும் அங்கே எதிர்ப்பக்கம் தாண்டுகின்றன, மற்றவை தன் பக்கத்திலேயே போகின்றன. அதனால்தான் இரண்டு கண்ணும் பார்த்த இடது பாதி முழுவதும் வலது மூளையில் சேருகிறது. சேரும் இடம் நெற்றிக்குப் பின்னால் என்று நினைப்பீங்க. இல்லை, தலையின் பின்பக்கம். கழுத்துக்கு மேலே கை வைத்தால் தட்டுப்படும் எலும்புக்கு உள்ளே, பெருமூளையின் பிடரி மடல். அதற்குக் கீழே நடையையும் நிதானத்தையும் பார்க்கும் சிறுமூளை, அதை ஒட்டி மூச்சைக் கவனிக்கும் மூளைத்தண்டு.

பிடரி மடலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தால் அதுவும் பக்கவாதம்தான். வாய் கோணாது, கை கால் இழுக்காமலும் இருக்கலாம். கண்ணும் சிவக்காது. "இடது கண்ணு தெரியல" என்று மட்டும் அவர் சொல்வார். கதவில் இடிப்பார், தட்டில் இடது பக்கச் சோற்றை விட்டுவிடுவார். வீட்டில் இருக்கிறவங்க கண்ணாடிக் கடைக்கு நாளைக்குப் போகலாம் என்பாங்க. அங்கேதான் தப்பு நடக்கிறது.

அவரை ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கச் சொல்லுங்க, பிறகு மறு கண்ணைப் பொத்தச் சொல்லுங்க. இரண்டிலும் ஒரே பக்கம் மறைந்தால் கோளாறு பெரும்பாலும் மூளையில்தான். ஒரு கண் மட்டும் வலியில்லாமல் திடீரென்று இருண்டால் அதையும் சாதாரணமாக எடுக்காதீங்க. விழித்திரையின் ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம், அதுவும் ஒருவகைப் பக்கவாதம். பார்வை தானாகத் திரும்பிவிட்டாலும் போய்த்தான் ஆகணும். கண் சிவந்து, கடுமையாக வலித்து, வாந்தி வந்தால் அது கண்ணழுத்தமாக இருக்கலாம். அதற்கும் அன்றைக்கே மருத்துவமனை.

உடனே 108. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போடணும். ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான் போடுவாங்க. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கே சுமார் 55 கிலோமீட்டர். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதை 108 ஊழியரிடமே கேளுங்க. கடலில் இருக்கும்போது நேர்ந்தால் கடலோரக் காவல்படையின் 1554, சிக்னல் இல்லாவிட்டால் வி.எச்.எப். 16-ஆம் சேனல்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இந்தக் குழாய்கள் இரண்டையும் கெடுக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இவற்றை வீட்டிலேயே பார்க்கிறாங்க, மாத்திரையும் தர்றாங்க. சர்க்கரை உள்ளவங்க வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரையையும் சோதிக்கணும். சந்தேகம் இருந்தால் 104.

108 வருவதற்குள் ஒரு வேலை இருக்கிறது. கடைசியாக அவர் நல்லா இருந்தது எத்தனை மணிக்கு என்று கேட்டு உங்கள் போனில் குறியுங்க. மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். தூங்கி எழுந்தபோதே தெரியவில்லை என்றால், படுக்கப்போன நேரத்தைச் சொல்லணும். சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் போட்டோ எடுத்துக்கோங்க. குடிக்கவோ விழுங்கவோ எதுவும் கொடுக்காதீங்க. காப்பீட்டு அட்டையைத் தேடி நிற்க வேண்டாம், அதை வேறு யாராவது பின்னால் எடுத்து வரட்டும்.